மாடு மேய்த்த சிறுவனுக்குக் கிடைத்த மைதானம்
ஜெய்பால் சிங் முண்டாவின் வாழ்க்கை

நூற்றாண்டு மலர் என்றால் அதில் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. நம் மலருக்கு யாரை எழுதுவது என்று பேசியபோது துறவிகள், புலவர்கள், கல்விமான்கள் எனப் பல பெயர்கள் வந்தன. அவர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பாடசாலை மைதானத்தில் கால் வைத்ததால் வாழ்க்கையின் திசை மாறிய ஒருவரை இம்முறை எழுதுவோம் என்று முடிவெடுத்தோம்.

அதற்குக் காரணம் உண்டு. ஊரில் என்றாலும் ரொறன்ரோவில் என்றாலும் பழைய மாணவியர் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வந்துவிடும். எந்த இல்லம் வென்றது, அஞ்சல் ஓட்டத்தில் கோலை விழுத்தியது யார், இல்ல அலங்காரத்துக்கு யார் வீட்டுத் தென்னோலை வந்தது என்று மணிக்கணக்கில் பேசுவோம். அணிநடைக்கு வெள்ளைச் சப்பாத்து இல்லாததால் வரிசையில் சேராமல் மர நிழலில் நின்றவர்கள் யார் என்ற பேச்சு மட்டும் அதில் வருவதில்லை. இக்கட்டுரை அந்த மர நிழலில் நின்றவர்களை மனதில் வைத்து எழுதப்படுகிறது.

ஜெய்பால் சிங் முண்டா 1903 ஜனவரி 3ஆம் திகதி, இந்தியாவின் ராஞ்சிக்குத் தெற்கே குந்தி என்ற பகுதியில், தக்ரா என்னும் சிறு கிராமத்தில் பிறந்தவராகப் பதிவாகியுள்ளது. இன்று அந்த இடம் ஜார்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. வீட்டார் அவருக்கு இட்ட பெயர் பிரமோத் பாகன். அவருடைய குடி முண்டா எனப்படும் ஆதிவாசிக் குடி. சாலமரக் காட்டை வெட்டி வயலாக்கி, அந்த நிலத்தை ஊராகச் சேர்ந்து ஆண்டவர்கள் முண்டாக்கள். காடு வெட்டிக் குளம் கட்டி வாழ்ந்த வன்னி மண்ணின் பிள்ளைகளுக்கு அந்த வாழ்வை விளக்கத் தேவையில்லை.

வெள்ளையர் ஆட்சியில் வெளியிலிருந்து வந்த நிலக்கிழார்களும் வட்டிக்குக் கொடுப்போரும் அந்த நிலங்களைக் கைப்பற்றினார்கள். நிலத்துக்கு உரியவர்கள் அதே நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்யும் நிலை வந்தது. அதை எதிர்த்து 1899இல் பிர்சா முண்டா என்ற இளைஞர் கிளர்ச்சி நடத்தினார். பிடிபட்டு, 1900 ஜூனில் ராஞ்சிச் சிறையில் இறந்தார். ஆதிவாசி நிலத்துக்கு ஓரளவு காப்புக் கொடுக்கும் சட்டம் 1908இல்தான் வந்தது. தோற்ற கிளர்ச்சியின் சாம்பல் ஆறாத ஊரில், அந்தக் கிளர்ச்சி முடிந்து மூன்றாண்டுகளில் பிறந்த பிள்ளைதான் ஜெய்பால். சிறுவயதில் அவருக்கு இருந்த வேலை மாடு மேய்ப்பது.

முதலில் ஊர்ப் பள்ளியில் எழுத்துப் படித்தார். பின்னர் ராஞ்சியில் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் நடத்திய சென் போல்ஸ் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். வீட்டில் அவர் பேசிய மொழி முண்டாரி. பாடசாலையில் பாடம் நடந்தது வேறு மொழிகளில். வகுப்பறையில் இப்படியான பிள்ளைக்கு முதற் சில ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பது நமக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் சொல்லத் தெரியாது. சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. ஆனால் பந்து உருளத் தொடங்கிவிட்டால் மொழி குறுக்கே நிற்காது. காட்டிலும் மேட்டிலும் மாட்டின் பின்னால் ஓடிய கால் அங்கே ஒரு சொத்து. சென் போல்ஸ் மைதானத்தில் அந்தச் சிறுவன் கையில் ஹொக்கி மட்டை வந்தது.

ஹொக்கி அந்தப் பகுதியில் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகள் வழியாகப் பரவிய விளையாட்டு. துடுப்பாட்டம் போலப் பெரிய செலவு அதற்கு வேண்டியிருக்கவில்லை. வளைந்த கொம்பு ஒன்றும் மரத்தில் செதுக்கிய பந்து ஒன்றும் இருந்தால் அறுவடை முடிந்த வயலிலே வெறுங்காலுடன் ஆடலாம். ஊருக்கு ஊர் போட்டி வைத்து, வென்ற அணிக்கு ஆட்டுக்கடாவைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. பாடசாலை கொடுத்த விளையாட்டை ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டது.

சிறுவனின் படிப்பையும் விளையாட்டையும் கண்ட அதிபர் கெனன் கொஸ்கிரேவ் 1918இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அவரைக் குருவானவராக்க வேண்டும் என்பது திருச்சபையின் எண்ணம். அதற்காகக் கன்ரபரியில் சென் ஓகஸ்ரின் கல்லூரியில் படித்தார். அங்கிருந்து ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சென் ஜோன்ஸ் கல்லூரிக்குப் போனார். குருத்துவப் பாதையை விட்டுவிட்டுப் பொருளியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஹொக்கி அணியில் பின்களக் காவலராக ஆடினார். அவருடைய ஆட்டத்தில் பகட்டு இருக்காது. எதிராளியின் காலில் படாமல் பந்தைப் பிரித்தெடுத்து, வேண்டிய இடத்துக்குப் பலமாக அடித்து அனுப்புவதே அவர் பாணி. ‘புளூ’ எனப்படும் ஒக்ஸ்போர்ட்டின் வர்ண விருதை ஹொக்கிக்காகப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பின்னர் இந்திய சிவில் சேவைப் பரீட்சையிலும் சித்தியெய்தி, ஒக்ஸ்போர்ட்டிலேயே பயிற்சிக் காலத்தைத் தொடங்கினார். மாடு மேய்த்த பிள்ளை மாவட்டத்தை ஆளும் அதிகாரியாக வர ஓர் அடிதான் மீதி இருந்தது.

1928இல் அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்தியா முதன்முறையாக ஹொக்கி அணியை அனுப்பியது. தலைவராக ஜெய்பால் தெரிவானார். போவதற்கு லீவு கேட்டார். இந்தியா அலுவலகம் மறுத்துவிட்டது. அவர் லீவில்லாமலே போனார்.

அந்த அணியில் ஆங்கிலோ இந்தியர், முஸ்லிம்கள், சீக்கியர், இந்துக்கள் எல்லோரும் இருந்தார்கள். படைச் சிப்பாயாக இருந்த தியான் சந்த் அதில் 14 கோல்கள் அடித்தார். ஒஸ்ரியாவை 6–0, பெல்ஜியத்தை 9–0, டென்மார்க்கை 5–0, சுவிற்சர்லாந்தை 6–0 என்று வென்று, மே 26ஆம் திகதி இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 3–0 என்று வென்றது இந்தியா. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தார்கள். ஒரு கோலும் வாங்கவில்லை. இந்தியா ஒலிம்பிக்கில் வென்ற முதற் தங்கம் அதுதான்.

ஆனால் கடைசி இரு ஆட்டங்களிலும் தலைவர் மைதானத்தில் இல்லை. அணி நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்கினால் அவர் விலகிப் போயிருந்தார். துணைத்தலைவர் எரிக் பினிஜரே அந்த ஆட்டங்களை வழிநடத்தினார். தங்கம் வென்ற அணியின் தலைவர் தங்கம் வென்ற நாளில் ஆடவில்லை என்பதை அவரைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நாம் அதை விடவில்லை. அணிக்குள் இடம் கிடைத்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது. தலைவர் பதவி கையில் இருந்தபோதும் அவர் ஒதுங்க நேர்ந்தது.

இங்கிலாந்து திரும்பியதும், லீவில்லாமல் போனதற்காகப் பயிற்சியாண்டை மறுபடி தொடங்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவர் சிவில் சேவையையே விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் இந்தியர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உத்தியோகம் அது. பின்னர் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பனியில் வேலை பார்த்தார். கல்கத்தாவில் மோகன் பாகான் கழகத்தின் ஹொக்கி அணியுடன் சேர்ந்து ஆடினார். அதன்பின் ஆசிரியத் தொழிலுக்கு வந்து, இன்று கானா எனப்படும் ஆபிரிக்க நாட்டின் அச்சிமோட்டா கல்லூரியில் படிப்பித்தார். 1937இல் இந்தியா திரும்பி, சிற்றரசர்களின் பிள்ளைகள் படித்த ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரிக்கு அதிபரானார். ஆதிவாசிக் குடியில் பிறந்தவர் இளவரசர்களுக்கு அதிபரானது அந்நாளில் சிறிய விடயம் அன்று.

அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார். ஆனால் ராஞ்சிக்குத் திரும்பித் தன் சனத்தின் நிலையைப் பார்த்தார். 1939 ஜனவரியில் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். அன்றிலிருந்து அந்த மக்கள் அவரை ‘மராங் கோம்கே’ என்று அழைத்தார்கள். பெரிய தலைவர் என்பது அதன் பொருள்.

1946இல் இந்திய அரசியல் நிர்ணய சபைக்குத் தெரிவானார். டிசம்பர் மாதம் அங்கே அவர் நிகழ்த்திய உரை புகழ் பெற்றது. மற்றவர்கள் இழிவாகச் சொல்லும் காட்டவன் என்ற பெயரை அவர் தானாகவே எடுத்துப் பெருமையோடு சூடிக்கொண்டார். சனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை, அவர்களிடம்தான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்று வாதிட்டார். அந்தச் சபையில் ஆண்கள் கூடிவிட்டார்கள், பெண்கள் போதாது என்பதையும் எடுத்துச் சொன்னார். வாசலில் மறிக்கப்பட்டவர் உள்ளே போனதும் இன்னும் யார் வெளியே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். நம் மலரில் அவருக்கு இடம் கொடுக்க இது ஒன்றே போதும்.

பிறகு ஜார்கண்ட் கட்சியைத் தொடக்கித் தனி மாநிலம் கேட்டார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி பீகார் சட்டசபையில் 32 இடங்களைப் பெற்று முக்கிய எதிர்க்கட்சியானது. அவர் அந்த ஆண்டிலிருந்து இறக்கும்வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1963இல் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்ததைப் பலர் மன்னிக்கவில்லை. இணைப்பால் எதிர்பார்த்த மாநிலமும் கிடைக்கவில்லை. 1970 மார்ச் 20ஆம் திகதி புதுடில்லியில் காலமானார். ஜார்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15ஆம் திகதி, அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஆதிவாசி மாணவர்கள் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் படிக்க அந்த மாநில அரசு கொடுக்கும் புலமைப்பரிசில் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

இவ்வளவும் அவர் கதை. இனி நமக்குரியதைப் பார்ப்போம்.

சென் போல்ஸ் மைதானத்தில் அன்று ஜெய்பாலுடன் ஓடிய மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. ஓர் அதிபரின் கண்ணில் ஒரு பிள்ளை பட்டது, அந்தப் பிள்ளை கப்பலேறியது. படாத பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு திறமைசாலியைக் கண்டெடுத்து உயர்த்துவது நல்ல காரியம். ஆனால் அது முழுப் பாடசாலைக்கும் மைதானத்தைத் திறந்துவிடும் காரியத்துக்கு ஈடாகாது. அத்துடன் அந்த மைதானத்தில் அன்று பெண்பிள்ளைகள் இல்லை.

பெண்களின் முறை பின்னால் வந்தது. ராஞ்சியில் பரியாத்து என்ற இடத்தில் அரசாங்கப் பெண்கள் பாடசாலை ஒன்று இருக்கிறது. அங்கே விடுதியுடன் ஹொக்கிப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. கிராமத்து ஆதிவாசிச் சிறுமிகளுக்குப் படுக்க இடமும் மூன்று நேரச் சாப்பாடும் படிப்பும் மட்டையும் ஒரே வாசலில் கிடைக்கின்றன. குந்தி, சிம்தேகா மாவட்டங்களின் சிறுமிகள் வறுமையால் டில்லிக்கு வீட்டு வேலைக்குக் கொண்டுபோகப்படுவது இன்றும் அந்த மாநிலத்தின் தீராத துயரம். அப்படிப்பட்ட இடத்தில் இந்த விடுதி ஒரு காவலும் ஆகிறது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அசுந்தா லக்ரா இங்கே வளர்ந்தவர். ஜெய்பால் பிறந்த அதே குந்தியின் ஹேசல் கிராமத்து நிக்கி பிரதானும் இங்கே பயின்றவர். இந்தியப் பெண்கள் ஹொக்கி அணி 36 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக்குக்குப் போன 2016இல் நிக்கி அதில் இருந்தார். ஜார்கண்டிலிருந்து ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆடிய முதற் பெண் அவரே. டோக்கியோவில் நான்காம் இடம் பெற்ற அணியில் அவருடன் சிம்தேகாவின் சலிமா டெட்டேயும் ஆடினார். 2024இல் சலிமா இந்திய அணியின் தலைவியானார்.

ஜெய்பாலுக்கு ஓர் அதிபரின் தனிப்பட்ட அன்பு வேண்டியிருந்தது. இந்தப் பெண்களுக்கு விடுதியும் சாப்பாடும் பயிற்றுநரும் ஒரு முறையாகவே கிடைத்தன. அன்பான அதிபர் இடமாற்றம் பெற்றுப் போய்விடலாம். முறை ஒன்று இருந்தால் அது அடுத்த பிள்ளைக்கும் நிற்கும்.

விளையாட்டும் உடற்கல்வியும் எல்லோருக்கும் உள்ள உரிமை என்று யுனெஸ்கோ 1978இலேயே பிரகடனம் செய்துவிட்டது. விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயமும் சொல்கிறது. இலங்கையும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. காகிதத்தில் இருக்கும் அந்த உரிமை முள்ளியவளையில் ஒரு வீட்டுக்குள் எப்படிப் போகும் என்பதுதான் நம் கேள்வி.

நம் மண்ணுக்கு ஓடும் கால் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று திரும்பியபோது நாம் எல்லோரும் படத்தைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். அந்தக் கால்கள் எத்தனை இடப்பெயர்வு கண்ட மண்ணில் ஓடிப் பழகியவை என்பதையும் அந்த நேரம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். 2009ஐத் தாண்டி வந்த ஊர் இது. தாயை இழந்த பிள்ளை, தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கும் பிள்ளை, எறிகணைத் துண்டை உடம்பில் சுமந்து வளர்ந்த பிள்ளை என்று பலரை நம் வகுப்பறைகள் கண்டன. இப்போது பாடசாலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆனாலும் அந்த வீடுகளின் கடனும் களைப்பும் இன்னும் தீரவில்லை.

அப்படியான வீட்டுப் பிள்ளை ஏன் பயிற்சிக்கு நிற்பதில்லை என்று கேட்டால், விருப்பமில்லை என்ற பதிலே வரும். உண்மைக் காரணங்கள் சின்னச் சின்னவை. பயிற்சி முடியும்போது கடைசிப் பஸ் போய்விடுகிறது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு வெயிலில் ஓடத் தலை சுற்றுகிறது. இல்ல நிறத்தில் ரீசேட் வாங்க வீட்டில் காசு கேட்க மனம் வரவில்லை. பெரிய பிள்ளையான பிறகு மைதானத்துக்கு அனுப்ப அம்மம்மாவுக்கு விருப்பமில்லை. மாதவிடாய் நாளில் உடை மாற்ற ஒதுக்கிடம் இல்லை. ஒரு கால் நொண்டுகிற பிள்ளைக்கு நிகழ்ச்சி நிரலில் ஒரு போட்டியும் இல்லை. இவற்றில் எதற்கும் பெரிய தொகை தேவையில்லை. ஒவ்வொன்றையும் யாராவது கவனித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய மாணவியர் சங்கங்கள் வழக்கமாகக் கேடயமும் வெற்றிக் கிண்ணமும் அன்பளிப்புச் செய்யும். அவை வென்ற பிள்ளைக்குப் போகும். இந்த நூற்றாண்டில் நாம் ஓடத் தொடங்காத பிள்ளைக்கும் ஏதாவது கொடுக்கலாம். யாருடையது என்று பெயர் எழுதாத சப்பாத்துகள் எல்லா அளவிலும் பாடசாலைக் களஞ்சியத்தில் இருக்கட்டும், தேவையானவர் எடுத்து ஓடிவிட்டுத் திரும்ப வைக்கட்டும். பயிற்சிக் காலத்தில் அவித்த கடலையும் முட்டையும் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும், ஏழைப் பிள்ளைக்கு என்று தனி வரிசை வேண்டாம். பிந்தி முடியும் நாட்களில் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட ஓர் ஓட்டோவுக்குக் காசு ஒதுக்குவோம். ஊரில் இருக்கும் நம்மவர் அம்மம்மாக்களைப் போய்ச் சந்திக்கலாம். அந்தக் காலத்தில் வலைப்பந்தாட்டம் ஆடிய ஒருத்தி பேத்தியைப் பற்றி வந்து பேசினால் அவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியில் இல்லத்துக்காக ஒரு புள்ளியாவது எடுக்கும்படி நிகழ்ச்சி நிரலை அமைக்க ஆசிரியர்களுடன் சேர்ந்து யோசிக்கலாம்.

இதனால் இன்னொரு ஒலிம்பிக் வீராங்கனை பிறப்பாளா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பிறந்தால் மகிழ்ச்சி. பிறக்காவிட்டாலும் பதினைந்து வயதில் இடைவிலக இருந்த பிள்ளை, நாளைக்குப் பயிற்சி இருக்கிறது என்பதற்காக ஒரு நாள் கூடுதலாகப் பாடசாலைக்கு வருவாள். அந்த ஒரு நாள் ஒரு தவணையாகி, ஒரு தவணை சாதாரணதரப் பரீட்சைவரை நீளலாம். ஆசிரியர்களாக இருக்கும் நம்மில் பலர் இதைக் கண்ணால் கண்டிருக்கிறோம்.

தக்ராவில் மாடு மேய்த்த சிறுவனுக்கு ஒரு பாடசாலை மட்டையைக் கொடுத்து மைதானத்தைக் காட்டியது. எல்லாக் கதவும் அதனால் அவருக்குத் திறந்துவிடவில்லை. ஆனால் தன் சனத்துக்காக எழுந்து நின்று பேசும் நிமிர்வு அவருக்கு இருந்தது. அதன் முதற் பாடத்தை அந்த மைதானத்தில் படித்திருப்பார் என்று நாம் நம்புகிறோம்.

அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஊருக்கு வர முடிந்த பழைய மாணவியர் எல்லோரும் வாருங்கள். விருந்தினர் பந்தலில் அமர்வதற்கு முன் மைதானத்தை ஒருமுறை சுற்றி நடப்போம். மர நிழலில் பிள்ளை யாராவது நின்றால் பக்கத்தில் போய், எந்த இல்லம் என்று கேட்போம்.